அண்ணாந்து பார்த்தது போதும்

உங்கள் ஊரில் தேர் இருக்கிறதா? இருந்தால் ஒரு சின்னக் கேள்வி. சக்கரத்துக்கு மேலே, முதல் வரிசைப் பலகையில் என்ன சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள்?

தெரியாதுதானே? வெட்கப்படாதீர்கள். அந்தத் தேரைத் தினமும் தாண்டி ஆபீஸ் போகிறவருக்கும் தெரியாது. தேர் என்றால் நமக்கெல்லாம் உயரம்தான். கலர் கலராகச் சீலை, காற்றில் ஆடும் தொம்பை, உச்சியில் பளபளக்கும் கலசம். வடத்தைப் பிடித்து இழுக்கும்போதுகூட அண்ணாந்துதான் பார்க்கிறோம். கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். தேர் நகர்ந்து போய்விடுகிறது.

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம் என்று அந்தப் பக்கத்தில் குழந்தைகூடச் சொல்லும். அந்த 96 அடியில் மரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 30 அடி. மிச்சமெல்லாம் மூங்கில், கயிறு, துணி. திருவிழா முடிந்தால் அவிழ்த்து மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். வருஷா வருஷம் அவிழ்த்துப் போடுகிற அலங்காரத்துக்கு நம் கண்ணைக் கொடுத்துவிட்டு, தலைமுறை தலைமுறையாக நிற்கிற சிற்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

"பார்க்க விட்டால்தானே சார் பார்ப்பதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவிழா நாட்கள் போக மிச்ச நாளெல்லாம் நம் தேர்கள் தகரக் கொட்டகைக்குள் அடைந்து கிடக்கின்றன. வெயில், மழை, தீ மூன்றுக்கும் தகரம் நல்ல காவல்தான். ஓலைப் பந்தலில் நிறுத்தி வைத்துத் தீக்கு இரையாக்குவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் தகரத்தின் மேல் ஒட்டிய கோச்சிங் சென்டர் போஸ்டர்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே இருப்பது கோயில் மதிலுக்கு வெளியே நிற்கிற, டிக்கெட் இல்லாத மியூசியம் என்பது மறந்தே போய்விட்டது.

இப்போது சில ஊர்களில் தகரத்துக்குப் பதில் கண்ணாடி மாதிரி ஷீட் போட்டு, உள்ளே தெரிகிற மாதிரி வைக்கிறார்கள். அதைச் செய்த புண்ணியவான் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

*

சரி, விஷயத்துக்கு வருவோம். மரச் சிற்பத்தைப் பற்றி நமக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. கல்லில் செய்ததுதான் பெரிய கலை, வெண்கலம் அதற்கு அடுத்தது, மரம் என்றால் ஏதோ கொலு பொம்மை வகை என்று. கதையே தலைகீழ்.

மாமல்லபுரத்தில் பல்லவர்கள் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்தார்களே, அந்தக் கோயில்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? ரதம். தாராசுரத்தில் 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மண்டபத்துக்குச் சக்கரம் வைத்து, குதிரை பூட்டி, கல்லைத் தேராக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஹம்பியில் 16-ம் நூற்றாண்டில் மறுபடி அதே ஆசை. கல்லுக்கே தேராக வேண்டும் என்று ஏக்கம் இருந்திருக்கிறது. அந்த ஏக்கத்துக்குக் காரணமாக வீதியில் ஓடிக்கொண்டிருந்த மரத்தேர்கள்தான் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன.

மரத்தின் தலையெழுத்து அது. கரையான், மழை, தீ. ஆகவே இன்று நமக்கு மிஞ்சியிருக்கிற பழைய தேர்ப் பலகைகள் பெரும்பாலும் நாயக்கர் காலமும் அதற்குப் பின்னாலும்தான். முந்நூறு வருஷப் பலகை கிடைத்தால் அதிர்ஷ்டம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ராஜு காளிதாஸ் இந்தத் தேர்களுக்காகவே ஒரு புத்தகம் எழுதி 1989-ல் வெளியிட்டார். 1992-ல் மும்பையின் 'மார்க்' பதிப்பகம் தென்னிந்திய மரச் சிற்பங்களைப் பற்றி ஒரு கனமான தொகுப்பு கொண்டுவந்தது. இரண்டுமே ஆங்கிலத்தில். நம் வீட்டு வாசலில் நிற்கிற பொருளைப் பற்றி நாம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது.

*

தேர்ச் சிற்பத்துக்கு என்ன அப்படி ஒரு தனிப்பெருமை? ஒரே வார்த்தையில் சொன்னால், பாரம்.

திரிபுரம் எரித்த கதை தெரியுமல்லவா? பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரங்கள், வேதங்கள் குதிரைகள், பிரம்மா சாரதி. சிவன் கோயில் தேர்களின் முன்பக்கம் பிரம்மா உட்கார்ந்திருப்பது அதனால்தான். இத்தனை ஏற்பாட்டோடு சிவபெருமான் புறப்பட்டார். என்ன ஆயிற்று? பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பியதால் அச்சு முறிந்தது! செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற அச்சிறுபாக்கத்துக்கு அச்சு இற்ற இடம் என்றுதான் ஸ்தலபுராணம் அர்த்தம் சொல்கிறது. இந்தக் கதையை முதலில் சொன்னது கண்டிப்பாக ஒரு தச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். பிரபஞ்சத்தையே தேராகச் செய்தாலும் அச்சு சரியில்லை என்றால் ஓடாது என்று அவருக்குத்தானே தெரியும்?

ஆழித்தேரின் எடை சுமார் 300 டன் என்கிறார்கள். அந்த மாதிரிப் பாரத்தைத் தாங்க அடுக்கு அடுக்காக மரத்தைக் கோத்துக் கட்டுகிறார்கள். பூதப்பார், சிறு உறுதளம், பெரிய உறுதளம், தேவாசனம், சிம்மாசனப் பீடம் என்று ஒவ்வொரு அடுக்குக்கும் பெயர் உண்டு. வீடு கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும். தேரின் மரப்பகுதி அப்படி இல்லை. கீழே குறுகி, மேலே போகப் போக விரிகிறது. ஒவ்வொரு அடுக்கும் தன் கீழ் அடுக்கைவிட ஒரு சாண், அரைச் சாண் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கட்டையில் துளை, இன்னொரு கட்டையில் அதற்குள் நுழைகிற நாக்கு. இப்படித்தான் மொத்தமும் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

சிற்பம் இந்தக் கட்டுமானத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் இல்லை. கட்டுமானத்தின் உறுப்பு. அடி வரிசையில் பூதகணங்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு, தோள் கொடுத்து, மேல் அடுக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும். அந்த முக்கல் முனகல் வெறும் வேடிக்கைக்காக இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிற கட்டை நிஜமாகவே தூக்கிக்கொண்டிருக்கிறது. மூலையில் தாவுகிற யாளி, மேல் தட்டு நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில்தான் தாவும். எங்கே பாரம் இறங்குகிறதோ அங்கே மிருகம். எங்கே பாரம் குறைவோ அங்கே கதை சொல்கிற பலகை. செதுக்கின ஆசாரியும் கோத்த ஆசாரியும் ஒரே பட்டறை, பல சமயம் ஒரே ஆள். ஆகவே உளியைப் பிடித்த கைக்கு எத்தனை டன் தலைமேல் வரப்போகிறது என்று தெரிந்திருந்தது.

இன்னொன்று. தேர்ச் சிற்பத்துக்கு கேலரி லைட் கிடையாது. பங்குனி, சித்திரை, ஆனி, ஆடி என்று பட்டப்பகல் வெயிலில் அது தெருவில் போகும். வெளிச்சம் உச்சியிலிருந்து நேராக இறங்கும். மேலோட்டமாகக் கீறியிருந்தால் அந்த வெயிலில் எதுவும் தெரியாது, எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். அதனால் பழைய ஆசாரிகள் ஆழமாகக் குடைந்தார்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஓட்டை, குதிரையின் வயிற்றுக்கு அடியில் ஓட்டை, மாலைக்கும் மார்புக்கும் நடுவே ஓட்டை. வெயில் அங்கே நிழலாகத் தங்கும். அந்த நிழல்தான் கோடு. தேர் குலுங்கிக் குலுங்கி நகரும்போது நிழலும் நகரும். சிற்பம் அசைவது மாதிரி இருக்கும். இதை மியூசியத்தில் பார்க்க முடியாது. எழும்பூர் மியூசியத்தில் நல்ல மரச் சிற்பங்கள் வைத்திருக்கிறார்கள், அவசியம் பாருங்கள். ஆனால் அங்கே அவை ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் மாதிரி இருக்கும். வேலையில் இருக்கும்போது பார்க்க வேண்டுமென்றால் தெருவுக்குத்தான் வர வேண்டும்.

*

சாமிச் சிற்பத்துக்கு அளவு உண்டு. தாலம் என்பார்கள். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம்: தலை முதல் கால் வரை 124 பங்கு. முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, தொடைக்கு இவ்வளவு. எந்தக் கையில் என்ன ஆயுதம் என்பதிலும் பேரம் கிடையாது. ஆசாரியின் சொந்த சரக்கை நுழைக்க இடம் ரொம்பக் கம்மி.

ஆனால் குறவனுக்கும் குறத்திக்கும் எந்தச் சாஸ்திரம் அளவு சொன்னது? காலில் முள் குத்தி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு? கம்பங்கூத்தாடிக்கு? பன்றியைத் துரத்துகிற வேட்டை நாய்க்கு? துப்பாக்கி பிடித்த தொப்பிக்காரனுக்கு? எதுவும் இல்லை. அங்கேதான் ஆசாரி வாய் திறக்கிறார். தான் சந்தையில் பார்த்தது, கூத்தில் பார்த்தது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் பார்த்தது எல்லாவற்றையும் சாமிக்குக் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார வைத்துவிடுகிறார். சாமி மேலே அளவோடு நிற்கிறது. ஊர் கீழே அளவில்லாமல் ஆடுகிறது. எனக்குத் தெரிந்து கோயில் கலையில் இவ்வளவு ஜனநாயகம் வேறு எங்கும் கிடையாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தேர் செய்த காலம் பொற்காலம் இல்லை. தேர் ஓடுகிற வீதியில் கால் வைக்கவே எல்லோரையும் அனுமதிக்காத காலம் அது. வடம் பிடிக்கிற உரிமைக்குச் சண்டை போட வேண்டியிருந்தது. வீதியில் விடாத மனிதர்களையும் பலகையில் விட்டார்கள் என்பதுதான் இந்தச் சிற்பங்களின் வினோதம்.

ஆண் பெண் உறவைச் சொல்கிற பலகைகளும் அந்த வரிசையில் உண்டு. பையன்கள் ஒளிந்து ஒளிந்து பார்ப்பதும், பெரியவர்கள் பார்க்காத மாதிரி பார்ப்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. கேட்டால் இடி விழாமல் இருக்க என்பார்கள், திருஷ்டி கழிய என்பார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். தேர் மொத்த வாழ்க்கையையும் ஏற்றிக்கொண்டு போகிறது, இந்த ஒரு சமாசாரத்தை மட்டும் இறக்கிவிட்டுப் போகவில்லை. செதுக்கியவருக்கு வெட்கமில்லை, கூலி கொடுத்த ஊருக்கும் வெட்கமில்லை. நடுவில் வந்த நமக்குத்தான் வெட்கம். சில இடங்களில் அந்தப் பலகைகளின் மேல் ஆணி அடித்துத் தகடு போர்த்தியிருப்பதைப் பார்த்தேன். மழித்த இடத்தில் பவுடர் போட்ட மாதிரி இருந்தது.

*

இப்போது செய்கிற புதுத் தேர்களுக்கு வருகிறேன். கடந்த இருபது முப்பது வருஷங்களில் ஓடாமல் நின்ற எத்தனையோ தேர்களைப் புதுப்பித்திருக்கிறார்கள். திருவாரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆழித்தேர் 1920-களில் தீயில் போன பிறகு செய்த தேர் 1930-ல் ஓடியது. நடுவில் பல வருஷம் நின்று 1970-ல் மறுபடி ஓடியது. பிறகு மொத்தமாகப் பிரித்துக் கட்டி 2015-ல் வெள்ளோட்டம் விட்டார்கள். திருச்சி பி.எச்.இ.எல். செய்து கொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும்தான் அதைப் பயமில்லாமல் ஓட வைக்கின்றன. "ஐயோ, மரச் சக்கரம் போச்சே" என்று நான் ஒப்பாரி வைக்க மாட்டேன். முட்டுக்கட்டை போடுகிறவரின் கால் பத்திரமாக இருப்பது எந்தச் சிற்பத்தையும்விட முக்கியம்.

என் புகார் சக்கரத்தின் மேல் இல்லை. சக்கரத்துக்கு மேலே இருப்பதின் மேல்.

நான் பார்த்த சில புதிய தேர்களில் பலகைகள் பாரம் தாங்கவில்லை. சட்டம் தனியாக நிற்கிறது. சிற்பத்தைத் தனியாகச் செதுக்கிக்கொண்டுவந்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். பூதகணம் இப்போதும் கன்னத்தை உப்பிக்கொண்டு தூக்குகிறது. ஆனால் தூக்குவதற்கு ஒன்றுமில்லை. நடிக்கிறது. அதுவும் மோசமாக நடிக்கிறது. கவனித்துப் பாருங்கள், அந்த பூதத்தின் தோளில் இறுக்கமே இருக்காது.

இரண்டாவது, முகம். பழைய பலகையில் மூக்கு கூர்மை, கண் அகலம், முகவாய் சற்றே முன்தள்ளி நிற்கும். நாயக்கர் காலத்துச் சாயல். புதுப் பலகையில் எல்லா சாமிக்கும் ஒரே முகம். கொழுகொழுவென்று, நேராக நம்மைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தால், ஆமாம், காலண்டர்! கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜு தென்னாட்டுக்கே சாமிப் படம் வரைந்து கொடுத்தார். அவர் 1976-ல் காலமானார். பெரிய கலைஞர், சந்தேகமே இல்லை. ஆனால் அது சுவரில் தட்டையாகத் தொங்குவதற்காக, கலருக்காக யோசித்த முகம். அதை மரத்தில் இறக்கினால் கலரும் இல்லை, நிழலும் இல்லை. தட்டில் வைத்த இட்லி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். கீழ் வரிசையில் ஊர் இல்லை. தசாவதாரம் இருக்கிறது. அஷ்டலட்சுமி இருக்கிறது. அறுபடை வீடு இருக்கிறது. குறத்தி எங்கே? கூத்தாடி எங்கே? நாயைக்கூடக் காணோம். துப்பாக்கி பிடித்த தொப்பிக்காரனை அன்றைய ஆசாரி செதுக்கினார் என்றால், தன் காலத்தைச் செதுக்கினார் என்று அர்த்தம். இன்றைய ஆசாரி டி.வி.எஸ். 50-ல் தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு போகிற பெண்ணைச் செதுக்கினால் என்ன குடி முழுகிவிடும்? யாராவது ஒரு ஊர்க்காரர் சம்மதிப்பாரா? "சாமி தேரில் இதெல்லாம் எதுக்கு?" என்பார். அவருடைய பாட்டனார் அப்படிக் கேட்கவில்லை.

*

இதற்கெல்லாம் ஆசாரியைக் குற்றம் சொல்லாதீர்கள். நான் பி.காம். படித்த ஆள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் கூலிக்கு இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார்கள். நேரத்துக்குக் கூலி ஒன்று, உருப்படிக்குக் கூலி இன்னொன்று. உருப்படிக் கூலியில் எண்ணிக்கை கூடும், தரத்துக்கு மேற்பார்வை வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். தேருக்கும் அதே பாடம்தான்.

அந்த நாளில் கோயில் தச்சருக்கு மானிய நிலம் இருந்தது. தேர் என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு முடியும். இன்றைக்கு எஸ்டிமேட் உண்டு, டெண்டர் உண்டு, தேதி உண்டு. பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் எஸ்டிமேட்டில் என்ன எழுத முடியும்? மரம் இத்தனை கன அடி, சிற்பம் இத்தனை எண்ணிக்கை, இத்தனை அங்குல உயரம். உளி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று எழுத ஒரு பத்தி கிடையாது. எழுதாததற்குக் காசு கிடையாது. காசு கிடைக்காத ஆழத்தை ஆசாரி எதற்குக் குடைய வேண்டும்? அவர் வீட்டிலும் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டுமே.

கை மட்டும் மங்கிவிடவில்லை. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் மரச் சிற்பமும் படிக்கிறார்கள். பச்சைமலை அடிவாரத்தில் தம்மம்பட்டி, அரும்பாவூர் இரண்டு ஊரும் உளிச் சத்தத்தில்தான் விழிக்கின்றன. அந்தப் பக்கம் கள்ளக்குறிச்சி. மூன்றுமே புவிசார் குறியீடு வாங்கிவிட்டன. அரும்பாவூருக்கு 2020-ல் கிடைத்தது. வாகை, மாவிலங்கு என்று நாட்டு மரத்தில் பிள்ளையாரும் ராஜ அலங்கார முருகனும் அங்கே உருவாவதைப் பார்ப்பதே ஒரு அழகு. தேர் வேலையும் வாகன வேலையும் வந்தால் இந்த மாதிரிப் பட்டறைகளிலிருந்துதான் ஆள் போகிறார்கள்.

ஆனால் புவிசார் குறியீடு என்பது பெயருக்கும் ஊருக்கும் பாதுகாப்பு. அரும்பாவூரில் செய்யாததை அரும்பாவூர் என்று சொல்லி விற்க முடியாது, அவ்வளவுதான். அரும்பாவூரிலேயே அவசரத்தில் செய்தால் சட்டம் ஒன்றும் செய்யாது. தரத்துக்குக் காவல்காரர் வாங்குகிறவர்தான். அதாவது நீங்கள்.

நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள்?

"என்ன விலைங்க இந்தப் பிள்ளையார்?"

"எட்டாயிரம் சார்."

"அதோ அது மூவாயிரத்துக்கு இருக்கே? ரெண்டும் ஒரே உயரம்தானே?"

உயரம்! மறுபடியும் உயரம். தேரிலும் அண்ணாந்து பார்க்கிறோம், கடையிலும் ஸ்கேல் வைத்துப் பார்க்கிறோம். எட்டாயிரத்தில் தும்பிக்கைக்குப் பின்னால் குடைந்திருக்கிறதா, மூவாயிரத்தில் தும்பிக்கை வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

*

ஆகவே வாசகர்களே, மூன்று சுலபமான பரீட்சைகள் சொல்கிறேன். தேரிலும் செய்து பார்க்கலாம், கடையிலும் செய்து பார்க்கலாம்.

ஒன்று, விரல் பரீட்சை. சிற்பத்தின் கைக்கும் உடம்புக்கும் நடுவே உங்கள் சுண்டு விரல் நுழைகிறதா? தேரில் தொட வேண்டாம், கண்ணாலேயே நுழைத்துப் பாருங்கள். இப்போது பூஜை அறைக் கதவுகளை கம்ப்யூட்டர் மெஷினில் செதுக்குகிறார்கள். கடைகளில் இருக்கும் சாதாரண மெஷினில் ஊசி மேலிருந்து கீழேதான் இறங்கும். பக்கவாட்டில் நுழைந்து அடியில் குடைய அதற்குத் தெரியாது. ஆகவே விரல் நுழைந்தால் அங்கே பெரும்பாலும் ஒரு மனிதக் கை நுழைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு, ரேகைப் பரீட்சை. மரத்துக்கு ரேகை உண்டு. அது ஓடுகிற திசையில் பலம், குறுக்கே போனால் பலவீனம். நல்ல ஆசாரி காலையும் கையையும் ரேகையோடு ஓட விடுவார். குறுக்கே போகிற விரலையும் வாளையும் எதனோடாவது சேர்த்து முட்டுக் கொடுப்பார். வைரம் பாய்ந்த கட்டையில் முகம் வருகிறதா, வெளிறில் வருகிறதா என்றும் பார்ப்பார். வெளிறைப் பூச்சி முதலில் தின்னும். இதையெல்லாம் மறைக்கத்தான் வார்னிஷ். கண்ணாடி மாதிரி பளபளத்தால் சந்தேகப்படுங்கள். உளியின் தடத்தை அந்தப் பளபளப்பு மெழுகிவிடும்.

மூன்று, கடைசி ஆள் பரீட்சை. பெரிய சாமியைப் பார்க்காதீர்கள். அதைச் சாஸ்திரமே பாதி செய்துவிடும். ஓரத்தில் நிற்கிற சாமரக்காரி, காலடியில் இருக்கிற எலி, பின்னால் தெரிகிற மரம், இவற்றைப் பாருங்கள். கூலி முடிந்த பிறகும் ஆசாரி எங்கே வேலை செய்தார் என்று அங்கேதான் தெரியும்.

*

நான் இதை இவ்வளவு தூரம் எழுதுவதற்குக் காரணம் புதுத் தேர் மட்டும் இல்லை. பழைய தேர்.

ஒரு தேரைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்போது, பழைய பலகைகள் எங்கே போகின்றன? நூறு வருஷம் தாண்டிய சிற்பம், மரமாக இருந்தாலும், 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கோயிலின் சொத்துக்குப் பதிவேடு இருக்க வேண்டும் என்று 1959-ம் வருஷ அறநிலையத் துறைச் சட்டமும் சொல்கிறது. சிலைத் திருட்டு என்றால் இன்று ஊரே பேசுகிறது. சுபாஷ் கபூர் 2011-ல் பிடிபட்டு, 2022-ல் கும்பகோணம் கோர்ட்டில் பத்து வருஷ தண்டனை வாங்கியது வரை நமக்குத் தெரியும். வெண்கலச் சாமி காணாமல் போனால் பூஜை நின்றுவிடும், அன்றைக்கே தெரிந்துவிடும். தேர்ப் பலகைக்கு யார் தினமும் பூஜை செய்கிறார்கள்? தகரத்துக்குள் ஒரு பலகை குறைந்தால் அடுத்த திருவிழா வரை தெரியாது. அப்போதும் சீலை மறைத்துவிடும். பழம்பொருள் கடைகளிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் ஒரு முழ உயரத்தில் தனியாக, ஸ்பாட் லைட் போட்டு மாட்டியிருக்கிறார்களே, அந்த யாளிகளும் கின்னரிகளும் மரத்தில் காய்த்தவையா? ஏதோ ஒரு ஊர்த் தேரிலிருந்து இறங்கியவைதானே?

அக்கவுண்ட்ஸ்காரன் புத்தியில் ஒன்று சொல்கிறேன். பதிவேட்டில் 'மரத்தேர் - ஒன்று' என்று ஒரே வரி எழுதி முடித்துவிட்டால், ஐம்பது பலகை போனாலும் தேர் ஒன்றுதான். கணக்கு டேலி ஆகிவிடும். 'பலகை எண் 1, கிழக்குப் பக்கம், குறத்தி. பலகை எண் 2, வேட்டை நாய்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு போட்டோ ஒட்டினால்தான் திருட்டு திருட்டாகத் தெரியும். பிரிக்கிற தேராக இருந்தால், பழைய பலகைகளைக் கோயில் மண்டபத்திலேயே வரிசையாக வைக்கலாம். புதுத் தேர் செய்ய வருகிற ஆசாரிக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைக்காது. காலண்டரைப் பார்த்துச் செதுக்க வேண்டிய அவசியமும் இருக்காது.

இதற்குப் பெரிய செலவில்லை. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. அடுத்த முறை தகரத்தைக் கழற்றுகிற அன்று, சீலை ஏறுவதற்கு முன், காலை வெயிலில் போய் நின்று நாலு பக்கமும் கீழ் வரிசையைப் படம் எடுங்கள். கூட உங்கள் வீட்டுப் பிள்ளையை அழைத்துப் போங்கள். "இது யாருப்பா, இவ ஏன் காலைத் தூக்கிட்டு நிக்கறா?" என்று கேட்பான். முள் குத்திடுச்சு என்று சொல்லுங்கள். சில பலகைகளுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் சிரமப்படுவீர்கள். பரவாயில்லை, சமாளியுங்கள். எடுத்த படங்களின் ஒரு பிரதியைக் கோயில் ஆபீஸில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.